தக்காளி நாத்து நெட்டையா ஓடுதா? அடுக்கு பிரிக்கிற வேளையைப் பாருங்க

உடுமலை:
98 குழித் தட்டுல விதை போட்டு, பத்துப் பத்தா அடுக்கி பாலித்தீன் தாளால மூடுறோமுங்க. அதைப் பிரிக்கிற வேளைதான் நாத்தோட உயரத்தை முடிவு பண்ணுது. மூணாம் நாள்ல இருந்து காலையும் சாயங்காலமும் நடுத் தட்டை உருவிப் பாருங்க. மேல் தட்டைப் பார்த்தா ஏமாந்துருவோம். நடுவுல சூடு கூட, அங்கதான் முந்தி முளைக்கும். நாலஞ்சு குழியில வெள்ளை முளை கொக்கி போட்டுத் தலை காட்டுச்சுன்னா அன்னைக்கே பிரிச்சரோணும்.

ஏன்னா, செல்லுக்குள்ள வெளிச்சத்தை உணர்ற பைட்டோகுரோம்ங்கிற புரதம் இருட்டுல வேலை செய்யாது. அந்த நேரத்துல உட்கருவுல பிஃப்னு சொல்ற புரதங்கள் தேங்கி, தண்டுச் செல்லை நீள வைக்கும். 660 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சம் பட்டதும் பைட்டோகுரோம் உரு மாறி உட்கருவுக்குள்ள போகும், பிஃப் சில நிமிஷத்துலயே சிதைய ஆரம்பிக்கும். கொக்கி நிமிரும், வித்திலை விரியும், பச்சை ஏறும். ஒரு நாள் தள்ளிப்போனா வெள்ளை நூலாட்டம் நீண்டு சாஞ்சிரும். நீண்ட செல் திரும்பச் சுருங்காது. தக்காளியா இருந்தா நடும்போது தண்டை ஆழமாப் புதைக்கலாம், தண்டுலயும் வேர் விடும்.

பிரிக்கிறது சாயங்காலமா இருக்கட்டும், நிழல்வலைக்குள்ள. வெளுத்த முளையை உச்சி வெயில்ல வெச்சா கருகிப்போகும்.

தொண்டாமுத்தூர்:
மிளகாயைத் தக்காளியோட ஒரே அடுக்குல வெக்காதீங்க. மிளகாய் முளைக்க இன்னும் சில நாள் கூடுதலா ஆகும், அதுக்குள்ள தக்காளி கெட்டுரும்.

பச்சை ஏறின பொறகும் நெட்டையா ஓடுச்சுன்னா பெரும்பாலும் நெருக்கம்தான் காரணமுங்க. இலை சிவப்பை உறிஞ்சிட்டு, சிவப்புக்கு அடுத்து 730 நானோமீட்டர் பக்கம் இருக்கிற தொலைசிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி விடும். திறந்த வெயில்ல இந்த ரெண்டோட விகிதம் சுமார் 1.2, அடர்ந்த இலைக்குக் கீழ 0.2க்கும் இறங்கும். தொலைசிவப்பு பட்டா பைட்டோகுரோம் பழைய உருவுக்கே திரும்பிரும், தண்டு மறுபடி நீளும். 1952ல அமெரிக்காவுல பெல்ட்ஸ்வில்ல போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழு லெட்டூஸ் கீரை விதையில காட்டுனது இந்தத் திருப்பல்தான்: கடைசியாப் பட்டது சிவப்புன்னா முளைச்சுது, தொலைசிவப்புன்னா முளைக்கலை. நாத்து மெலிஞ்சிருக்குன்னு யூரியா தெளிச்சா இன்னும் நீளும். தட்டுக்குத் தட்டு இடைவெளி விடுங்க.

கோபி:
எல்லா நாத்தும் ஒரே பக்கம் வளைஞ்சா அது வேற சங்கதிங்க. அது நீல வெளிச்சத்தைப் பார்க்கிற போட்டோட்ரோபின்ங்கிற புரதத்தோட வேலை. ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் நகர்ந்து, அந்தப் பக்கத்துச் செல் கூடுதலா நீளும். சுவர் ஓரத்துத் தட்டைத் தினமும் திருப்பி வெச்சாப் போதும்.