பேய்கிட்ட வாக்குமூலம் வாங்கும் கான்ஸ்டபிள்: படிச்சவங்க அனுபவம் சொல்லுங்க

பென்னாகரம் ரோடு:
மாயமும் துப்பறிதலும் கலந்த தொடர் படிக்கிறவங்க நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது இருக்கீங்களா? பென் ஆரோனோவிச் எழுதின 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' வரிசையைத்தான் சொல்றேன். முதல் புத்தகம் 2011ல வந்தது. எனக்குக் கிடைச்சது போன வருஷம்.

லண்டன் கோவென்ட் கார்டன்ல ஒருத்தன் தலை இல்லாம கிடக்கிறான். ஜனவரிக் குளிர்ல அந்த இடத்துக்குக் காவல் நிக்கிறான் பீட்டர் கிராண்ட்னு ஒரு புது கான்ஸ்டபிள். "நான் பார்த்தேன்"னு ஒரு ஆள் வர்றான். பேச்சுக்கு நடுவுலதான் தெரியுது, அந்த ஆள் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம பீட்டர் ஓடலை. வாக்குமூலம் வாங்க ஆரம்பிக்கிறான்.

இந்த இடத்தை அம்மாகிட்ட சொன்னேன். புளி தட்டிக் கொட்டை எடுத்துட்டு இருந்தாங்க. சுத்தியலைக் கீழ வைக்காமலே, "பேரு, ஊரு கேட்டானா?"ன்னாங்க. கேட்டாம்மான்னேன். "அப்ப சரி. எங்க ஊர்ப் பூசாரியும் மொதல்ல அதைத்தான் கேப்பாரு."

அப்புறம் அம்மா வரிசையா சொன்னாங்க. யாரு நீ, எந்த ஊரு, எப்படிச் செத்த, எதுக்கு இவளைப் புடிச்ச, என்ன குடுத்தா போவ. உடுக்கைச் சத்தத்தையும் வேப்பிலையையும் தள்ளி வச்சுட்டுப் பார்த்தா, ஸ்டேஷன்ல ரைட்டர் கேக்குற அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே வரிசை. சின்ன வயசுல பேயோட்டுறதைப் பார்த்து அலறிக்கிட்டு ஓடினவன் நான். அது ஒரு விசாரணைங்கிறது இத்தனை வருஷம் கழிச்சு ஒரு லண்டன் கதை படிச்சுத்தான் உறைச்சது.

இந்தத் தொடர்ல எனக்குப் பிடிச்சதும் இதுதான். மந்திரம் கொலைகாரனைப் பிடிச்சுக் குடுக்கறதில்லை. அக்கம்பக்கம் விசாரிக்கணும், கேமரா பதிவு பார்க்கணும், பாரம் எழுதணும். நைட்டிங்கேல்னு ஒரு இன்ஸ்பெக்டர் பீட்டரைச் சீடனா சேர்த்துக்கிறாரு. உள்ளங்கையில ஒரு சின்ன வெளிச்சம் வரவைக்கிறதுதான் முதல் பாடம். அதுக்கே வாரக்கணக்கா மல்லாடுறான். இந்த வித்தையை முறைப்படுத்தினது ஐசக் நியூட்டன்னு ஆசிரியர் ஒரு போடு போடுறாரு பாருங்க!

உங்க கதையைச் சொல்லுங்க. கொலைகாரன் யாருன்னு மட்டும் யாரும் உடைச்சிடாதீங்க.

ஓசூர் நைட் ஷிப்ட்:
நான் எலக்ட்ரானிக் போர்டு டெஸ்டிங்ல இருக்கேன். எனக்குப் புத்தகம் வந்ததே கூத்து. ஆன்லைன்ல முதல் பாகம் ஆர்டர் போட்டா ரெண்டாவது வந்தது. திருப்பி அனுப்புறேன்னு சொன்னா பதிலே இல்லை. சரின்னு ரெண்டையே முதல்ல படிச்சேன். நடுவுல போய் உக்காந்த சினிமா மாதிரி இருந்தாலும் விடமுடியலை.

என்னைக் கவுத்தது மந்திரத்துக்கு வச்ச விலை. பக்கத்துல மந்திரம் போட்டா, ஓடிட்டு இருக்கிற சிப் எல்லாம் மணலாப் போயிடும். போனை முழுசா அணைச்சு வச்சிருந்தா தப்பிக்கும். எங்க லைன்ல கையில பட்டை கட்டி எர்த் குடுக்காம போர்டைத் தொடக்கூடாது. உடம்புல இருக்கிற நிலை மின்சாரமே போதும், சிப்பைக் கொன்னுடும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பக்கத்தைக் கம்பெனி பஸ்ல படிச்சுட்டு உள்ள போய்ப் பட்டையைக் கட்டும்போது சிரிப்பு வந்துடுச்சு. சூப்பர்வைசர் என்னடான்னாரு. ஒண்ணுமில்லண்ணா, மந்திரம் இறங்காம இருக்கத்தான்னேன். ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனாரு.

அரூர் வாத்தியார் (ஓய்வு):
தம்பி, பேய் சாட்சி சொல்வது நமக்குப் புதிதல்ல. பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பேயான அவள் கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைக் காட்டி, "இவன் என் புருஷன்" என்று சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர் நம்பி, அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, அவனை அவளோடு ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக்கண்ணீர் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த நீலிதான். அன்றைக்கு அந்தச் சபையில் ஒரு கான்ஸ்டபிள் இருந்து, "ஊரில் விசாரித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் கதையே வேறு.

இவ்வகையில் பழையது வேண்டுமானால் ராண்டல் காரெட் எழுதிய டார்சி பிரபு கதைகளைத் தேடுங்கள். 1964இல் தொடங்கியவை. 1199இல் அம்புக் காயத்தால் இறந்த இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் அதில் பிழைத்துக்கொள்கிறான். அதனால் வரலாறே திசை மாறி, மந்திரம் விதிகளோடு கூடிய ஒரு பாடமாகிவிடுகிறது. தடயம் ஆராய்பவர் ஒரு மந்திரவாதி. ஆனால் துப்புத் துலக்கும் டார்சிக்கு மந்திரமே வராது, மூளைதான். எனக்கு லண்டன் போலீஸைவிட இவரைத்தான் பிடிக்கும். வயசுக் கோளாறாக இருக்கலாம்.

மாங்கா மண்டி:
எனக்கு ஒட்டலைங்க. பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கட்டடம் யாரு கட்டினது, இந்தத் தெரு எங்க திரும்புதுன்னு. சந்தூர்ல உக்காந்துட்டு லண்டன் மேப்பை வச்சு நான் என்ன பண்ண? 120 பக்கத்தோட மூடிட்டேன். சீசன் முடிஞ்சா மறுபடி பார்க்கலாம்.

ஒட்டப்பட்டி அக்கா:
மண்டிக்காரரே, நீங்க ஆறு வர்ற இடத்துக்கு முன்னாடியே மூடியிருப்பீங்க. தேம்ஸ் நதி அதுல ஒரு அம்மா. நைஜீரியாவிலிருந்து நர்ஸ் படிக்க வந்த பொண்ணு நதித் தெய்வமாயிடறா. டைபர்ன், ஃப்ளீட்னு கிளை ஆறெல்லாம் அவளோட பொண்ணுங்க. அந்த ரெண்டு ஆறும் நிஜமாவே லண்டன்ல ரோட்டுக்கு அடியில, மூடின கால்வாயா ஓடுது. ஆத்தை மூடிட்டாங்க, ஆனா மக போகலை, ஊருக்குள்ளயே உலாத்துறா. அதுவும் டைபர்ன் இருக்காளே, நம்ம வீட்டு மூத்த நாத்தனார் மாதிரியே ஒரு அதிகாரம்.

ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கு மசக்கைன்னு சித்ரான்னம் கட்டிட்டு ஒகேனக்கல் போறவங்க நாம. ஆறு ஒரு பொம்பளைன்னு சொன்னா எனக்கு எதுவும் வியப்பில்லை. ஆனா அந்த அத்தியாயம் முடிச்ச அன்னிக்கு சாயங்காலம் சனத்குமார நதிப் பாலத்தைத் தாண்டினேன். வத்தல்மலையில பிறந்து வர்ற ஆறு. பாலத்துக்கிட்ட வண்டியை நிறுத்திக் கீழ பார்த்தேன். சீமைக்கருவேலம், பாலித்தீன் பை, கருப்புத் தண்ணி. இவ எந்த வேஷத்துல, எந்தத் தெருவுல நடந்துட்டு இருப்பான்னு யோசிச்சேன். பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சுத் திட்டினப்புறம்தான் நகர்ந்தேன்.

பென்னாகரம் ரோடு:
அக்கா, இதைப் படிச்சதும் எனக்கு நடுகல் ஞாபகம் வந்துடுச்சு. தருமபுரி மியூசியத்துல வரிசையா நிக்குதே. எந்த ராஜாவோட எத்தனாவது ஆண்டு, தொறு, அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்தது யாரு, மீட்கப் போய்ச் செத்தது எவன்னு எழுதியிருக்கும். எஃப்.ஐ.ஆர். கெட்டது போங்க! அதுல ஒரு வீரன் ராத்திரி கல்லை விட்டு இறங்கி வந்து, "எழுதினது தப்பு, என்னைக் குத்தினது வேற ஆளு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? யாராவது எழுதுங்கப்பா. நம்ம தகடூர் புத்தகத் திருவிழாவுலயே வாங்கிக்கிறேன்.

வாத்தியார் ஐயா, நீலி கதையை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். தெரியும், மேல சொல்லுன்னாங்க. இப்ப தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அத்தியாயம் தமிழ்ல சொல்லணும், இல்லைன்னா கோபம். மூணாம் நாளே ஒரு ஆளைக் கை காட்டி, இவன் சரியில்லைன்னாங்க. யாருன்னு இங்க சொல்லமாட்டேன். முதல் புத்தகம் முடிச்சவங்க தனியா கேளுங்க.