வாஷ், டிரைபிரஷ், கிளேஸ்: சிற்றுருவம் தீட்டுவோருக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம்.

சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டப் பழகுகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். 28 முதல் 32 மி.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக், ரெசின் உருவங்கள். அக்ரிலிக் வண்ணங்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். வாஷ் (நீர்க்க வைத்துப் பூசும் நிறம்), டிரைபிரஷ் (நிறத்தைத் துடைத்துவிட்ட தூரிகையால் தீட்டுவது), கிளேஸ் (மிக மெல்லிதாக இழுக்கும் நிறம்) என்ற மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வாஷ் என்பதற்கு முதலில் 'கழுவல்' என்று எழுதியிருந்தேன். "அடிநிறம் காய்ந்ததும் உருவம் முழுவதற்கும் ஒரு கழுவல் கொடுக்கவும்" என்பது வரி. எழுதியது புரிகிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தேன். அந்த வரிக்கு வந்ததும் உருவத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்தும் விட்டாள். பூசி அரைமணிகூட ஆகாத நிறம். மூக்கு, முழங்கால், கவசத்தின் விளிம்பு என்று மேடான இடமெல்லாம் பெயர்ந்து அடியில் இருந்த சாம்பல் தெரிந்தது. "நீங்க எழுதினபடிதானே அக்கா செஞ்சேன்" என்றாள். அவள்மேல் குற்றமே இல்லை, என் சொல்தான் அவளைக் குழாயடிக்கு அனுப்பியது.

இன்னொன்று. பிரைமர் (வெறும் உருவத்தின் மேல் முதலில் அடிப்பது), பேஸ்கோட் (அதன் மேல் பூசும் முதல் நிறம்) இரண்டுக்குமே 'அடிப்பூச்சு' என்றுதான் கை போகிறது. இரண்டாவதை 'அடிநிறம்' ஆக்கிவிட்டேன். முதலாவதற்கும் வழி சொல்லுங்கள்.

மடல் 2 (தமிழாசிரியர்)

அம்மா, பிரைமருக்குப் 'பற்றுப்பூச்சு' என்று வையுங்கள். வழவழப்பான பரப்பில் நிறம் பற்றிக்கொள்ளத்தானே அதை அடிக்கிறார்கள்?

டிரைபிரஷ் பற்றிச் சொல்வதற்கு முன் தூரிகையைப் பற்றிக் கொஞ்சம். தூரிகை வடமொழித் தூலிகையிலிருந்து வந்தது என்பார்கள். நம்மிடம் அதற்கு முன்பே 'துகிலிகை' இருக்கிறது. நற்றிணை 118ஆம் பாட்டில் "ஓவ மாக்கள் ஒள்ளரக்கு ஊட்டிய துகிலிகை அன்ன துய்த்தலைப் பாதிரி" என்று வருகிறது. ஓவியர் சிவந்த அரக்கில் தோய்த்தெடுத்த தூரிகையைப் போலப் பாதிரிப்பூவின் தலை பஞ்சு பஞ்சாக இருக்கிறதாம். 'துய்' என்றால் பஞ்சுபோன்ற மென்மயிர். டிரைபிரஷ் செய்யக் குச்சம் விரிந்த பழைய தூரிகையைத்தான் எடுப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் 'துய்த்தீட்டல்' என்று ஒரு சொல் அமைக்கலாமே. ஈராயிரம் ஆண்டாக நம் கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேட எனக்கு மனம் வரவில்லை.

மடல் 3 (சிற்றுருவம் தீட்டுபவர்)

ஐயா, பாட்டைப் படித்துவிட்டு வெகுநேரம் என் தூரிகைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பாதிரிப்பூ டிரைபிரஷுக்கு நேர் எதிர். அரக்கு ஊட்டிய தூரிகை நிறம் நிறைந்த தூரிகை. டிரைபிரஷ் செய்யும்போது நிறத்தைத் தொட்டவுடன் துணியில் துடைத்துக்கொண்டே இருப்போம். கட்டைவிரல் ரேகைமேல் இழுத்துப் பார்த்தால் ரேகையின் மேடுகளில் மட்டும் லேசாகத் தடம் விழ வேண்டும். அதுதான் பதம். அதற்குப் பிறகு உருவத்தின் மேல் முன்னும் பின்னும் விசிறினால் சங்கிலிக் கவசத்தின் ஒவ்வொரு கண்ணியும், முடியின் ஒவ்வொரு கீற்றும் வெளிச்சம் பட்டதுபோல் எழுந்து வரும். பள்ளத்துக்கு நிறம் போகவே கூடாது.

ஆனாலும் அந்த வரியில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. 'ஊட்டிய' என்கிறாரே, தூரிகையில் நிறம் ஏற்றுவதற்கு நான் இத்தனை காலம் 'லோடு பண்ணு' என்றுதான் சொல்லி வந்தேன். இனி 'நிறம் ஊட்டு' என்றுதான் சொல்வேன். கையேட்டிலும் அதையே போடுங்கள் அக்கா.

மடல் 4 (கலைச்சொல் தொகுப்பவர்)

'நிறம் ஊட்டு' மிக நன்று. டிரைபிரஷுக்கு எதற்கு இத்தனை சுற்று? 'உலர்தூரிகை' என்றால் போதும். படிப்பவருக்கு உடனே புரியும்.

வாஷை 'வாஷ்' என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கற்றுக்கொள்கிறவர் கையில் இருக்கும் குப்பியில் அந்தப் பெயர்தான் அச்சடித்திருக்கும். கையேடு ஒன்று சொல்ல, குப்பி வேறொன்று சொன்னால் தடுமாறுவது அவர்தான்.

மடல் 5 (தமிழாசிரியர்)

ஐயா, 'உலர்தூரிகை' வினைத்தொகை. உலர்ந்த, உலர்கின்ற, உலரும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். நிறத்தோடு உலரும் தூரிகை என்றும் பொருள்படுமே. அதுவா உங்களுக்கு வேண்டும்?

வாஷ் பற்றி: "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்றுதான் தொல்காப்பியர் பிறசொல்லுக்கு வழிவிட்டார். எழுத்தை நீக்கி எடுத்துக்கொள் என்பது விதி. அதன்படி எழுதினால் 'வாசு' ஆகும், அது ஆளின் பெயராகிவிடும். எனவே தமிழில் ஒரு சொல் ஆக்கியே தீர வேண்டும். குப்பியின் பெயரை முதல் முறை வரும்போது ஒருதரம் அருகில் சொல்லிவிட்டால் போதாதா?

மடல் 6 (சிற்றுருவம் தீட்டுபவர்)

ஆசிரியர் ஐயா சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. நிறத்தோடு உலர்ந்த தூரிகை எங்களுக்குச் செத்த தூரிகை. மயிரைப் பிடித்திருக்கும் உலோகக் கழுத்துக்குள் அக்ரிலிக் ஏறி இறுகிவிட்டால் முனை மறுபடி கூடவே கூடாது. அந்தப் பெயரை ஓர் உத்திக்கு வைக்க என் மனம் ஒப்பவில்லை. கையின் அசைவை வைத்து 'வருடல்' என்று சொன்னால் என்ன? மேட்டை மட்டும் வருடிக்கொண்டு போவதுதானே வேலை?

வாஷுக்கு வருகிறேன். சொல் ஆக்குவதற்கு முன் அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். நீர்த்த நிறத்தைத் தூரிகை நிறைய ஊட்டி உருவத்தின் மேல் விட்டால், அது மேட்டிலிருந்து வழிந்து விரலிடுக்கிலும் துணிமடிப்பிலும் போய்த் தங்கும். காய்ந்ததும் அந்த இடங்கள் நிழல் விழுந்ததுபோல் இருண்டு நிற்கும்.

போன மாதம் ஒரே அச்சில் வார்த்த ஐந்து உருவங்களை எடுத்து, ஒரே பழுப்பு நிறத்தை ஐந்து விதமாக நீர்க்க வைத்துப் பூசிப் பார்த்தேன். வெறும் தண்ணீர் கலந்ததில் மேலங்கியின் தட்டையான முதுகில் வட்ட வட்டமாகக் கறை நின்றுவிட்டது. துளியின் விளிம்பில் நீர் முதலில் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓடுகிறது, கூடவே நிறமித் துகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. காப்பிக் கறை ஓரத்தில் அடர்ந்திருப்பதும் இதனால்தான். மேட் மீடியம் (நிறமி இல்லாத, பளபளக்காத அக்ரிலிக் திரவம்) கலந்ததில் கறை கிட்டத்தட்ட இல்லை. மீடியத்தோடு நீரோட்டத்தைக் கூட்டும் திரவமும் ஒரு சொட்டு விட்டதில், பரப்பு இழுவிசை குறைந்து, மயிரிழை அகலக் கீறலுக்குள்கூட நிறம் தானாக இறங்கியது. எப்படிப் பூசினாலும் கடைசியில் நிறம் பள்ளத்தில் படிகிறது. சொல்லில் அந்தப் 'படிதல்' வந்துவிட்டால் போதும். 'படிநிறம்' என்பேன்.

மடல் 7 (மொழிபெயர்ப்பாளர்)

தம்பி, 'வருடல்' கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினியில் ஸ்கேனரை 'வருடி' என்று பல ஆண்டாகச் சொல்லி வருகிறோம். "உருவத்தை வருடவும்" என்றால் படியெடுக்கச் சொல்வதாக நினைப்பார்கள். 'வருடித் தீட்டல்' என்று இரு சொல்லாக வைத்தால் அந்தக் குழப்பம் வராது என நினைக்கிறேன்.

'படிநிறம்' பார்த்ததும் எனக்கு மாடிப்படிதான் நினைவுக்கு வந்தது. கையேட்டில் லேயரிங் என்று தனி அத்தியாயமே இருக்கிறது. இருண்ட நிறத்திலிருந்து வெளிறிய நிறம்வரை ஒவ்வொரு படியாக ஏறுவது. படிநிறம் என்றால் அதைத்தான் சொல்கிறேன் என்று எண்ணிவிடுவார்களே?

மடல் 8 (தமிழாசிரியர்)

அம்மா கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடையைப் புணர்ச்சி விதியே கொடுக்கிறது. 'நிறம்' என்பதற்குப் பதில் 'சாயம்' போடுங்கள். 'படி' என்பதைப் பெயராகக் கொண்டால் வல்லினம் மிகுந்து 'படிச்சாயம்' ஆகும். வினைத்தொகையில் மிகாது, ஆகவே 'படிசாயம்'. ச் இல்லை என்பதே இது படிகின்ற சாயம் என்று காட்டிக்கொடுத்துவிடும். நிறத்தில் இருப்பது மெல்லினம், அதற்கு அந்தத் துணை கிடையாது. படிந்த, படிகின்ற, படியும் என்ற மூன்று காலமும் இங்கே பொருந்துவதையும் பாருங்கள். பூசும்போதும் காய்ந்த பிறகும் ஒரே சொல் நிற்கும்.

சாயம் 'சாயா' என்ற வடசொல் என்று சிலர் எழுதக்கூடும். 'சாயல் மென்மை' என்று தொல்காப்பிய உரியியல் பேசும் சாயலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அது என்பது என் நெடுநாளைய எண்ணம். இதைப் பற்றி விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

மடல் 9 (கலைச்சொல் தொகுப்பவர்)

வேர் எதுவாகவும் இருக்கட்டும் ஐயா, பொருளில் எனக்கு உடன்பாடில்லை. சாயம் என்பது கரைவது, நூலுக்குள் ஊறுவது. வாஷில் பெரும்பாலும் இருப்பது நிறமி. அது கரையாது, துகளாக மிதந்து வந்து பரப்பின் மேல் உட்காரும். தம்பி சொன்ன ஓரக்கறை விழுவதே துகள்கள் இருப்பதால்தான். சாயத்தையும் நிறமியையும் பிரித்துக்காட்ட வேதியியல் பாடத்தில் எவ்வளவு பாடுபடுகிறோம்? இலக்கணம் அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக அதைக் கலைத்துவிடக் கூடாது.

மடல் 10 (சிற்றுருவம் தீட்டுபவர்)

வேதியியலில் நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. ஆனால் துணிக்கு நிறம் ஏற்றினாலும் தலைமுடிக்கு ஏற்றினாலும் பேச்சில் சாயம் என்றுதான் சொல்கிறோம். நீர்த்தது, அடியில் இருப்பதை மறைக்காதது என்று அந்தச் சொல்லே உணர்த்திவிடுகிறது. நிறம் என்றால் கெட்டியாகப் பூசிவிடுவார்கள். என் ஓட்டு படிசாயத்துக்கு.

இதையும் யோசித்துவையுங்கள். சிற்றுருவ வண்ணங்கள் விற்கும் சிட்டடெல் 2019இல் கான்ட்ராஸ்ட் என்றொரு வகை கொண்டுவந்தார்கள். வெளிறிய பற்றுப்பூச்சின் மேல் ஒரே ஒரு முறை பூசினால் மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் அடர்ந்தும் நிற்கும். அது அடிநிறமா, படிசாயமா? இரண்டு வேலையையும் அது ஒன்றே செய்கிறது. அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

கிளேஸை 'மெருகு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அக்கா. மெருகு என்றால் பளபளப்பு. கிளேஸ் காய்ந்த பிறகு துளியும் பளபளக்காமல் இருக்கலாம். அது வாஷைப் போலவே நீர்த்ததுதான். ஆனால் தூரிகையை ஒற்றி வடித்துவிட்டு, எங்கும் தேங்காமல், மெல்லிய ஏடுபோல இழுக்க வேண்டும். கன்னத்தில் ஒரு சிவப்பு, கண்ணுக்குக் கீழே ஒரு ஊதா. ஐந்தாறு முறை இழுத்த பிறகுதான் மாற்றமே தெரியும்.

மடல் 11 (மொழிபெயர்ப்பாளர்)

வெள்ளி மதியம் ஆகிவிட்டது. பற்றுப்பூச்சு, அடிநிறம், நிறம் ஊட்டல், வருடித் தீட்டல், படிசாயம் ஆகியவற்றைக் கோப்பில் ஏற்றிவிட்டேன். வாஷ் என்ற சொல் முதல் முறை மட்டும் அருகில் வரும். கிளேஸுக்கு 'மென்படலம்', 'ஊடுநிறம்' இரண்டையும் எழுதி எழுதி அடித்தேன். இரண்டிலும் மனம் நிற்கவில்லை. இப்போதைக்குக் 'கிளேஸ்' என்றே போகிறது. கான்ட்ராஸ்டும் அப்படியே.

அதே பெண்ணிடம் திருத்திய வரியைக் கொடுத்தேன்: "அடிநிறம் காய்ந்ததும் உருவம் முழுவதற்கும் படிசாயம் பூசவும்." "எங்க அக்கா படியும்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. உருவத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், மேலங்கியின் மடிப்பில் நகத்தை வைத்து, "இங்கதானே?" என்றாள்.

மடல் 12 (கலைச்சொல் தொகுப்பவர்)

அந்தப் பெண் கேட்டது 'படி' என்ற பகுதியைப் பற்றித்தான், சாயத்தைப் பற்றி அல்ல. என் மறுப்பைத் தொகுப்பில் பதிவு செய்துகொள்கிறேன்: படிசாயம், பெரும்பான்மை. படிநிறமி, ஒருவர். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி பேசுவோம். கிளேஸுக்கு 'ஏடு' என்ற சொல்லைத் தம்பி போகிற போக்கில் சொன்னாரே, பாலின் மேல் படரும் ஏடு. அதை யாரும் கவனிக்கவில்லையா?