எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, எத்தனை நிமிடம்?

உப்புக்காற்று எழுதியது:

கடலோரப் பள்ளிகளில் ஆய்வு செய்ய அனுமதி வாங்குவது எப்படி என்று சென்ற வாரம் இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. மற்றவர்களும் தாங்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்.

என் ஆய்வு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பற்றியது. தங்கச்சிமடத்திலிருந்து தேவிபட்டினம் வரை, கடலை ஒட்டிய ஒன்பது பள்ளிகள். 2023 நவம்பரில் முதல் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம் போனேன். நான்கு பக்கம். கருதுகோள், மாதிரி தேர்ந்தெடுக்கும் முறை, புள்ளியியல் உத்திகள் என ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இருக்கை எழுத்தர் அம்மா முதல் பக்கத்தைப் படித்தார், நடுவில் இரண்டைப் புரட்டினார், கடைசிப் பக்கத்தின் பின்புறத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தார். “எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, எத்தனை நிமிடம்? அதைக் காணோமே” என்றார். மூன்றாம் பக்கத்தில் ‘தேவையான காலம்’ என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். “யாருக்குத் தேவையான காலம்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உச்சிப்புளி வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று அலுவலகத்துக்குப் பழகிய உருவத்தில் எழுதினேன். ஏழாம் வகுப்பு, ஒரு பள்ளிக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு பாடவேளை, அதில் 35 நிமிடம், தேர்வு மாதங்களில் வரமாட்டேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம், பல்கலைக்கழகப் பதிவுச் சான்று, பள்ளிகளின் பட்டியல், பெற்றோர் ஒப்புதல் படிவம் ஆகியவற்றுடன் வினாத்தாளையும் முழுமையாக இணைத்தேன். மாதிரிக்கு நாலு கேள்வி இணைத்தால் போதும் என்று எனக்கு ஒருவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்காதீர்கள். பிள்ளையிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பது முழுதாகத் தெரியாமல் யார்தான் கையெழுத்துப் போடுவார்?

தபால் பிரிவில் கொடுக்கும்போது இன்னொரு நகலும் கொண்டுபோங்கள். அதில் தேதியோடு முத்திரை குத்தித் தருவார்கள். பிறகு போய் விசாரிக்கும்போது “ஒரு மனு கொடுத்தேன்” என்று தொடங்குவதற்கும் அந்த ஊதா முத்திரையை நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கோப்பு எழுத்தரிடமிருந்து கண்காணிப்பாளர், நேர்முக உதவியாளர் என்று படியேறித்தான் முதன்மைக் கல்வி அலுவலரின் மேசைக்குப் போகும். ஜனவரியில் எனக்குச் செயல்முறைகள், அதாவது அனுமதி ஆணை, வந்தன. ந.க. எண் என்னும் கோப்பு எண் போட்டு, ‘கற்பித்தல் பணிக்கு எவ்வித இடையூறும் இன்றி’ என்ற வரியோடு. மாணவர் பெயர் வெளியே வரக் கூடாது, புகைப்படம் கூடாது, முடித்தபின் ஆய்வறிக்கையின் நகல் ஒன்றை ஒப்படைக்க வேண்டும். நியாயமான நிபந்தனைகள்.

அந்தத் தாள் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை முதல் பள்ளியில் ஒப்புதல் படிவங்களைக் கொடுத்தனுப்பினேன். வெள்ளிக்கிழமை வரை திரும்பி வந்தவை 31இல் ஆறு. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அந்த வரியை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். திங்கள் காலை போன அப்பா செவ்வாய்க் காலை வந்து மீனை இறக்கித் தரம் பிரித்து, தூங்கி எழுந்தால் புதன் வந்துவிடும். அம்மாக்கள் கையெழுத்துப் போடலாம்தான். ஆனால் அச்சடித்த தாள், மேலே பல்கலைக்கழக முத்திரை என்றதும் “அவர் வரட்டும்” என்று அலமாரி மேல் வைத்துவிட்டார்கள். அலமாரிக்குப் போன தாள் திரும்புவதில்லை. பாம்பனில் பிறந்து வளர்ந்த எனக்கே இது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

இதற்கு வழி சொன்னவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த ஆண்டு, 2024இல், பள்ளி திறந்தது ஜூன் 10. அதாவது பள்ளியும் திறந்திருக்கிறது, படகும் கரையில் நிற்கிறது என்று ஐந்து நாள் கிடைத்தது. அப்பாக்கள் வலையைப் பழுது பார்த்துக்கொண்டு, படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார்கள். அந்த வாரத்தில் ஒன்பது பள்ளிகளுக்கும் படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரும்பாலானவை மறுநாளே வந்துவிட்டன. சிலவற்றில் நீல வண்ணக் கைரேகை, படகுக்கு அடித்த அதே நீலம். ஆய்வை ஜூலையில் தொடங்கினேன்.

அதே அம்மையார்தான் என் வினாத்தாளில் நான்காம் கேள்வியைப் பென்சிலால் அடித்தவர். ‘உன் தந்தை இப்போது என்ன வேலை செய்கிறார்?’ என்பது கேள்வி. ஆய்வில் அது ஒரு மாறி (variable), வழக்கமாக எல்லாரும் கேட்பது. “ஜன்னல் ஓரம் உட்காரும் பெண்ணின் அப்பா யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார். ‘இப்போது’ என்று கேட்டால் அவள் என்ன எழுதுவாள்?” என்றார். அலுவலகத்தில் வினாத்தாளைப் படித்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. எழுதிய எனக்கும் தோன்றவில்லை. ஒன்பது பள்ளிகளிலும் அந்தக் கேள்வி இல்லாமல்தான் வினாத்தாள் போனது.

வாத்தியார் (ஓய்வு) எழுதியது:

மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை சொல்கிறேன், மகளே.

முதலில் ஒரு திருத்தம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கதவு என்று தம்பிமார்கள் நினைத்துவிடக் கூடாது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் தொடக்கக் கல்விப் பக்கம், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் நகல் போக வேண்டும். நம் கரையோரம் திருச்சபை நடத்தும் உதவிபெறும் பள்ளிகளும் ஜமாத்தார் நடத்தும் பள்ளிகளும் நிறைய. அங்கே தாளாளரைப் பார்க்காமல் தலைமையாசிரியரை மட்டும் பார்த்தால் அவர் சங்கடப்படுவார். பல மாவட்டங்களில் செய்யும் ஆய்வு என்றால் சென்னையில் உள்ள கல்வி இயக்ககத்தைக் கேட்கச் சொல்வார்கள்.

நான் பணியில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேராவது வருவார்கள். பலர் என் ஆசிரியர்களுக்கான வினாத்தாளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு “நாளை வந்து வாங்கிக்கொள்கிறேன், ஐயா” என்று போய்விடுவார்கள். மதிய இடைவேளையில் ஒருவர் டிக் அடிப்பார், அதைப் பார்த்து மற்றவர்கள் அடிப்பார்கள். அந்தக் கட்டிலிருந்து முனைவர் பட்டம் வந்திருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை, டிக் அடித்தவர்களில் நானும் ஒருவன். பின்னாளில் இணையப் படிவத்தின் இணைப்பை அனுப்பி நிரப்பச் சொன்னார்கள். உட்கார்ந்து கேட்காதவருக்கு உட்கார்ந்து பதில் சொல்ல மனம் வருவதில்லை.

எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, காலை உணவு, எண்ணும் எழுத்தும் திட்டம், ஏதாவது ஒரு பயிற்சி என்று ஆசிரியரின் நாள் ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. மத்திய அரசு 2018இல் வளர்ச்சியை நாடும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து நம் ராமநாதபுரமும் விருதுநகரும்தான் சேர்ந்தன. அதன் பிறகு எங்களை எண்ண வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஆகவே ஒருவர் வந்து “35 நிமிடம்” என்று சொன்னால் அவரை நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். ஒன்று, விளையாட்டுப் பாடவேளையை மட்டும் கேட்டுவிடாதீர்கள். தலைமையாசிரியர் தாராளமாகத் தருவார், பிள்ளைகள் சாபம் விடுவார்கள்.

முடித்தபின் ஆய்வேட்டைக் கொண்டுவந்து காட்டியவர் என் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒருவர். பரமக்குடிப் பக்கத்துப் பெண். அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் என் வீட்டு பீரோவில் இருக்கிறது.

ஆவுளியா எழுதியது:

என் கதை சிறியது, கொஞ்சம் அசட்டுத்தனமானதும்கூட. மண்டபத்தில் கடல் உயிரியல் படித்தேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றுக்குப் போக வனத்துறையின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. கடற்பசுவைப் பற்றிக் கரையோரப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவரலாமே என்று அதே கடிதத்தோடு ஒரு பள்ளிக்குள் நுழைந்தேன். தலைமையாசிரியர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு முழுதாகப் படித்துவிட்டு, “தம்பி, இது மீனைப் பார்க்க வாங்கிய அனுமதி. பிள்ளைகளைப் பார்க்க வேறு வாங்க வேண்டும்” என்றார். தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

(கடற்பசு மீன் அல்ல, பாலூட்டி. அதை அப்போது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

தொண்டிக்காரன் எழுதியது:

நான் இப்போது அமெரிக்காவில் கல்வியியல் ஆய்வில் இருக்கிறேன், அக்கா. அங்கே ‘கல்வி மாவட்டம்’ என்றால் நம் வருவாய் மாவட்டம் போல அல்ல. பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் நடத்தும் தனி அமைப்பு. ஒரு கல்வி மாவட்டம் கொடுத்த அனுமதி பக்கத்துக் கல்வி மாவட்டத்தில் செல்லாது. முதலில் எங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். பிறகுதான் கல்வி மாவட்டத்துக்கு விண்ணப்பம். பெரிய கல்வி மாவட்டங்களில் இதற்கென்றே குழு உண்டு, சில இடங்களில் ஆண்டில் குறிப்பிட்ட மாதங்களில் மட்டுமே விண்ணப்பம் வாங்குவார்கள். அவர்கள் சரி என்ற பிறகும் பள்ளி முதல்வர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மதிப்பெண் போன்ற பதிவுகளை வாங்குவதற்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. பொதுவாகப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் வெளியாருக்குத் தர முடியாது.

என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த குறிப்பு: ‘கற்பித்தல் நேரத்தில் எத்தனை நிமிடம் போகும் என்று சொல்லப்படவில்லை.’ உங்கள் இருக்கை எழுத்தர் அம்மாவுக்கு அங்கே உறவுக்காரர் யாரோ இருக்கிறார்கள் போல.

பாசிக்காரி எழுதியது:

நான் ஆய்வாளர் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கடற்பாசி எடுக்கப் போகிறவள். பத்தாம் வகுப்பு வரை படித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு படிவம் என் கைக்கு வந்தது. தமிழில்தான் இருந்தது. ‘தன்னார்வப் பங்கேற்பு’, ‘தரவுகளின் இரகசியத்தன்மை’, ‘எவ்விதப் பாதகமுமின்றி விலகும் உரிமை’. மூன்று தடவை படித்தேன். பள்ளியில் ஏதோ பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்துவிட்டாள். இன்னொருத்தி, கையெழுத்துப் போடாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பயந்து போட்டுவிட்டாள். அவள் ஒப்புதல் கொடுத்ததாகத்தானே கணக்கில் ஏறியிருக்கும்?

ஆய்வுக்கு வந்த அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. வீட்டுக்கே வந்து கேட்டது. பாசிக்குப் போய்வந்து விரலில் சுற்றிய துணியைக்கூட நான் அவிழ்க்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அதுவே எழுதியது: ‘உங்கள் பிள்ளையிடம் மூன்று நாள் கதை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். பணம் ஏதும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்; பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது. மதிப்பெண் குறையாது. உதவித்தொகை நிற்காது.’ கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நான்தான்.

நாங்கள் கடல் வற்றும் நாள் பார்த்துப் பாசிக்குப் போவோம். அந்த நாள்களில் பெற்றோர் கூட்டம் போட்டுவிட்டு யாரும் வரவில்லை என்று எழுதாதீர்கள். முந்தின நாள் கேட்டால் சொல்லிவிடப் போகிறோம்.

தம்பி_மாணவன் எழுதியது:

கேட்டவன் நான்தான். எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம், அக்கா. கட்டணம் ஏதாவது கட்டினீர்களா? பெற்றோர் கையெழுத்து இருந்தால் போதுமா, பிள்ளையிடமும் கேட்க வேண்டுமா?

உப்புக்காற்று எழுதியது:

கட்டணம் இல்லை, தம்பி. பஸ் டிக்கெட்டும் நகல் எடுத்த செலவும்தான். நகல் செலவைக் குறைத்து எண்ணாதே, ஒன்பது பள்ளிக்கும் செயல்முறைகளின் நகல் தனித்தனியாக வேண்டும்.

பாசிக்காரி அக்கா, உங்கள் ஐந்து வரியையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? என் படிவத்தில் இருந்தது நீங்கள் படித்த அந்தத் தமிழ்தான். இப்போது ஒரு தோழி தொடங்கும் ஆய்வுக்குக் கொடுக்கிறேன்.

பிள்ளையிடம் கேட்பது பற்றி: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் கேட்கின்றன. அவை மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கு எழுதியவை. கல்வி ஆய்விலும் அப்படியே செய்யச் சொன்னார் என் வழிகாட்டி. ஆகவே ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் தலையாட்டினார்கள், ஆசிரியர் பக்கத்தில் நின்றால் எதற்கும் தலையாட்டுவார்கள். ஐந்தாவது பள்ளியில்தான் அது உறைத்தது. ஆசிரியரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். ஒரு பையன், அப்பா கையெழுத்துப் போட்ட படிவத்தை நீட்டிக்கொண்டே, “எனக்கு வேண்டாம், மிஸ்” என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளும் அந்தப் பாடவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். என் அட்டவணையில் 214 இருக்க வேண்டிய இடத்தில் 213 என்று இருக்கும்.