பல வருஷம் நின்னுபோன பெட்ரோல் வண்டியை உசுப்பினவங்க, வாங்க, கதையைச் சொல்லுங்க

பத்மினி86

மூணு மாசமா மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கு, அதான் எழுதிடறேன். 1986 பிரீமியர் பத்மினி கார், அப்பா வாங்கினது. 2010-லேருந்து மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல தார்ப்பாய் போத்தி நின்னுச்சு. டயர் தரையோட தரை, சீட்டுக்குள்ள எலி, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பிளக் நாலையும் கழட்டி, ஓட்டைக்கு ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவெச்சேன். காத்தடிச்சு, டாப் கியர்ல போட்டு, நானும் மச்சானும் தள்ளினோம். முதல் தம்முல அசையல. ரெண்டாவதுல 'பொளக்'னு விட்டுச்சு. எனக்குத் தலைகால் புரியல. உடனே புது பேட்டரியைக் கட்டி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடிச்சேன். மச்சான் பானட் மேல குனிஞ்சு நின்னான். அப்போ ஒரு 'டிக்'. பாக்குவெட்டியில பாக்கு நறுக்கினா கேக்குமே, அவ்வளவுதான் சத்தம். "என்னமோ கேட்டுச்சு மாமா"ன்னான். எனக்கும் கேட்டுச்சு. "அது ஒண்ணுமில்லடா, அடி"ன்னுட்டேன்.

பிளக்குக்குப் பொறி வரவெக்கற பாயின்ட்டைத் தேய்ச்சு, தண்ணி பாட்டில்ல நல்ல பெட்ரோல் ஊத்தி பம்ப்புக்கு ஓஸ் கொடுத்தேன். நாலாவது அடியில பிடிச்சுக்கிச்சு. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, மாடு கயித்தை இழுத்துக்கிட்டுக் கத்துது, எனக்குக் கண்ணுல தண்ணி. ஆனா ஓட்டம் சரியில்ல, நொண்டுது. பிளக் ஒயரை ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். மூணாவதை எடுத்தா எஞ்சின்ல ஒரு மாத்தமும் தெரியல.

எஞ்சின் தலைமேல இருக்கற டேப்பட் கவரைத் திறந்தா மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு, அது ஏறி இறங்கற கைடு குழாய்க்குள்ள துரு பிடிச்சு இறுகியிருக்கு. ராக்கர் அழுத்துது, வால்வு இறங்கல, நடுவுல மாட்டி வளைஞ்சது ராக்கரைத் தள்ளற கம்பி, புஷ் ராடு. வீட்டுக் கண்ணாடி மேஜை மேல வெச்சு உருட்டிப் பாத்தேன். நல்ல ராடு சர்ருன்னு ஓடுது. இது தடக் தடக்குன்னு குதிச்சுக் குதிச்சுப் போய் நின்னுச்சு. முதல்லயே அந்தக் கவரைத் திறந்து பாத்திருந்தா வால்வு இறங்குதா இல்லையான்னு கண்ணாலயே தெரிஞ்சிருக்கும். ரெண்டு நட்டு, அஞ்சு நிமிஷ வேலை.

அம்பி மணி

நம்மது அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். ஒன்பது வருஷம் நின்ன வண்டி. எல்லாம் பாத்துட்டேன், சைலன்சரை மட்டும் பாக்கல. ஸ்டார்ட் ஆகும், ரெண்டு செகண்ட்ல மூச்சு முட்டி நிக்கும். மறுபடி ஆகும், நிக்கும். கார்புரேட்டரைத்தான் திட்டிக்கிட்டு மூணு தடவை பிரிச்சேன். கடைசியில ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிச்சேன் பாருங்க, 'டம்'முன்னு ஒரு சத்தம், பின்னாடி குழாயிலேருந்து ரெண்டு படி புளியங்கொட்டை. எலியோட பல வருஷ சேமிப்பு. கல்யாணத்துக்குக் கிளம்பி வெள்ளை வேட்டியில வேடிக்கை பாத்த எதிர்வீட்டு அண்ணன் இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல.

மைனர் பொடியன்

நான் யாழ்ப்பாணம். பெரியப்பாவின்ரை மொரிஸ் மைனர், 948 சிசி. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடை நிண்டது. திரும்பி வந்து பார்க்க அதே இடத்திலைதான் கார் நிண்டது, பற்றறியும் ஒரு கண்ணாடியும் மட்டும் இல்லை. பெரியப்பா பிறகு அதைத் தொடேல்லை. அவர் செத்தாப் பிறகு, 2019இலை நான் தொட்டன்.

எஞ்சின் இறுகேல்லை, ஹாண்டில் போட்டுச் சுத்தச் சுத்தினது. முன் பம்பரிலை ஹாண்டில் விடுற ஓட்டை இருக்கிறது எவ்வளவு பெரிய வசதி எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. பற்றறியை நான் இப்பத்தைய கார் மாதிரி மைனஸை பொடியிலை, காரின்ரை இரும்பு உடம்பிலை, குடுத்திட்டன். பழைய கராச் ஐயா ஒருத்தர் வந்து பார்த்திட்டு, "தம்பி, இதுக்கு பிளஸ்தான் பொடியிலை" எண்டு மாத்தினார். சுவிச்சைப் போட ஒரு சத்தமும் இல்லை. மைனருக்கு கரண்டிலை ஓடுற பெற்றோல் பம்ப், தெரியும்தானே. அதுக்குள்ளை இருக்கிற பொயின்ற் ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கு. ஐயா ஸ்பனரின்ரை பிடியாலை மெல்லமாத் தட்டினார். டக். பிறகு டக், டக். பிறகு டக்டக்டக்டக் எண்டு ஒரே ஓட்டம், வரவரக் குறைஞ்சு நிண்டுது. "குடிச்சு முடிஞ்சுது, இனி எழும்பும்" எண்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. அதுக்கு முதல் நாள் பெற்றோல் ராங்கைக் கழட்டிக் கவுத்தன். அடியிலை இருந்து சீனிப்பாணி மாதிரி ஒரு கறுப்பு, கூடவே மண்ணெண்ணெய் மணம். பொருளாதாரத் தடைக் காலத்திலை இஞ்சை எல்லாக் காரும் அப்பிடித்தானே ஓடினது. கொஞ்சப் பெற்றோலிலை ஸ்ரார்ட் பண்ணி, சூடாக மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. மணம் குசினி வரைக்கும் போயிட்டுது. பெரியம்மா உள்ளை இருந்து கேட்டா, "ஆரடா இந்நேரம் விளக்குக்கு எண்ணெய் விடுறது?" எண்டு. ஜாம் போத்தல் விளக்கு எங்கடை வீட்டிலை இல்லாமல் போய் எத்தினை வருசம். நான் பதில் சொல்லேல்லை. அவவும் பிறகு ஒண்டும் கேக்கேல்லை.

லேத் பாண்டி

பத்மினி86 தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு ராத்திரி ஊறவெச்சது ஊறலே இல்ல. பதினாலு வருஷம் பிடிச்ச பிஸ்டன் ரிங்கு பன்னண்டு மணி நேரத்துல விடுமா? என் கதை சின்னது, 1998-ல பத்து வருஷம் நின்ன ஒரு அம்பாசிடரை எட்டு நாள் ஊறவெச்சு எடுத்தேன், ஒரு ரிங்கு உடையல. அவ்வளவுதான்.

இனிமே செய்யறவங்க கேட்டுக்கங்க. வெறும் எஞ்சின் ஆயில் கெட்டியா மேலயே உக்காந்துக்கும். ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்தற ஆயில்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்க, தினம் கொஞ்சம் சேருங்க. டேப்பட் கவரைக் கழட்டிட்டு வால்வு தண்டு மேலயும் விடுங்க, தம்பிக்கு நடந்தது அங்கதான். எஞ்சினைச் சுத்தறப்போ முதல்ல முன்னாடி பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா ஆட்டுங்க. எட்டு வால்வும் ஏறி இறங்குதான்னு கண்ணால பாக்காம செல்ஃபைத் தொடாதீங்க. பழைய ஆயிலை இறக்கிட்டுப் புது ஆயில் ஊத்தி, பிளக் இல்லாம, ஆயில் லைட்டு அணையற வரைக்கும் சுத்துங்க. பேரிங் எல்லாம் வருஷக்கணக்கா காஞ்சு கிடக்கும், அதுக்குத்தான். டேங்குல இருக்கற பெட்ரோலை மோந்து பாருங்க. வார்னிஷ் வாடை அடிச்சா ஒரு சொட்டுகூட கார்புரேட்டருக்குப் போகக் கூடாது, ஜெட்டு அடைக்கும், ஃப்ளோட் ஊசி ஒட்டும். பாயின்ட் இடைவெளி 0.4 மில்லி. ரேடியேட்டரைக் கழுவுங்க. தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கும், வெந்நீர்ல போட்டுத் திறக்குதான்னு பாருங்க. பாட்டில்ல பெட்ரோல் கொடுக்கறவங்க பக்கத்துல ஒரு வாளி மணல் வெச்சுக்கங்க, கார்புரேட்டர் வழியா ஒரு தடவை திருப்பி அடிச்சா போதும். எஞ்சின் ஓடுச்சுன்னு வண்டியைத் தெருவுக்கு எடுத்துடாதீங்க, பிரேக் சிலிண்டர் இறுகியிருக்கும். இதெல்லாம் பண்ணாம கண்ணுல தண்ணி வந்து என்ன பிரயோஜனம்.

ஹெரால்டு மகள்

பாண்டி அண்ணன் சொன்னதுல பாதி சரி. எட்டு நாள் எல்லா வண்டிக்கும் வேண்டியதில்ல. எங்க ஸ்டாண்டர்டு ஹெரால்டு ரெண்டாம் நாளே சுத்துச்சு. நிழல்ல, காஞ்ச இடத்துல நின்ன வண்டி வேற, மாட்டுக் கொட்டகையில நின்னது வேற.

அப்பாவோட வண்டி, நம்ம மெட்ராஸ்லயே செஞ்சது. ஹெரால்டு பானட் மட்கார்டோட சேர்ந்து முழுசா முன்பக்கம் கவுந்துக்கும். சின்ன வயசுல முன் டயர் மேல உக்காந்துதான் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். பதினோரு வருஷம் கழிச்சு அதே டயர் மேல உக்காந்து வேலை செஞ்சேன். முதுகு மட்டும் ஒத்துழைக்கல.

ஸ்டார்ட் ஆச்சு. பத்து நாள் அழகா ஓடுச்சு. ஒரு நாள் காலையில ஆயில் அளவு பாக்க குச்சியை உருவினேன். கோடு 'ஃபுல்'லுக்கு மேல ஒரு விரல் கடை. நான் ஆயிலே ஊத்தல. மூக்குக்கிட்ட கொண்டுபோனேன், பெட்ரோல். விரல்ல தொட்டா ஆயில் வழவழப்பு இல்ல, தண்ணியா ஓடுது. பெட்ரோல் பம்ப்புக்குள்ள இருக்கற ரப்பர் சவ்வு, டயாஃப்ரம், கிழிஞ்சு, பெட்ரோல் மொத்தமும் எஞ்சின் அடியில ஆயில் நிக்கற சம்ப்புக்கு நேரா இறங்கியிருக்கு. அதே ஆயில்ல எத்தனை நாள் ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. பேரிங் என்ன கதியோ. அந்தக் குச்சியை இப்போ தினம் மோந்து பாக்கறேன், வீட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க.

எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் வந்த வேளை. இப்போ பங்க்ல போடறதுல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதைத் தாங்காது.

லேத் பாண்டி

அம்மா, எத்தனால் மேல பழி போட வேண்டாம். பதினோரு வருஷம் காஞ்ச டயாஃப்ரம் சுத்தமான பெட்ரோல்லயும் கிழியும். பம்ப்பைப் பிரிச்சுப் பாக்காம பத்து நாள் ஓட்டினது யாரு?

ஹெரால்டு மகள்

பிரிச்சுப் பாத்தேன் அண்ணா. நல்லா வளைஞ்சு கொடுத்துச்சு, வெடிப்பு இல்ல. பத்தே நாள்ல ஊறி உப்பிப் போச்சு, ஓரத்துல பிசுபிசுன்னு. காஞ்ச ரப்பர் உப்பாது, பிளக்கும். ரெண்டையும் கையில எடுத்துப் பாத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அம்பி மணி

ஈயம் போட்ட பெட்ரோல் 2000-ல நின்னப்பவும் இதே சண்டைதான். ஈயம் இல்லாட்டி வால்வு சீட்டு தேஞ்சு வண்டியெல்லாம் படுத்துடும்னாங்க. வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டற என் வண்டிக்கு ஒண்ணும் ஆகல. ஓஸும் டயாஃப்ரமும் எத்தனால் தாங்கற ரப்பர்ல மாத்திட்டு, நிறுத்தி வெக்கறதுக்கு முன்னாடி டேங்கைக் காலி பண்ணுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கு அடியில தண்ணி பிரிஞ்சு தங்கும், துரு பிடிக்கும். அதுல பாண்டி அண்ணனுக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

மைனர் பொடியன்

2022இலை இஞ்சை பெற்றோல் வரிசை நிண்ட நேரம் நாங்கள் ராங்கை நிரப்பி வைச்சுக் காத்தனாங்கள். காலி பண்ணச் சொன்னால் ஆர் கேட்டிருப்பினம்?

பத்மினி86

எல்லாருக்கும் நன்றி. பாண்டி அண்ணன் திட்டினது நியாயம்தான். வால்வை எடுத்துட்டேன். ராக்கரைக் கழட்டிட்டு, தண்டு சுத்தி எண்ணெய் விட்டு, மரக்கட்டை வெச்சு நாலு நாள் தட்டித் தட்டி, மெல்ல மெல்ல இறங்குச்சு. நல்லவேளை, ஹெட்டை இறக்க வேண்டியதில்லாம போச்சு. புஷ் ராடு திருச்சியில ஒரு பழைய சாமான் கடையில கிடைச்சுது, நூத்தம்பது ரூபா. இப்போ நாலு சிலிண்டரும் அடிக்குது. மச்சான் வந்து நின்னு காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, "இப்போ ஒண்ணும் கேக்கல மாமா"ன்னான். நக்கலா நிஜமான்னு தெரியல.

ஒரு சந்தேகம். டேப்பட் கவர்ல ஆயில் கசியுது. கேஸ்கட் கார்க்குல போடறதா, ரப்பர்லயா?

லேத் பாண்டி

கார்க். கவர் ஓரம் வளைஞ்சிருக்கான்னு அந்தக் கண்ணாடி மேஜையில வெச்சுப் பாருங்க. நட்டை ஓவரா முறுக்காதீங்க.