ஓய்வுக்குப் பின் எங்கே குடியேறுவது: தோட்டத்திலா, பண்டாரவளையிலா, கண்டியிலா?

கேள்வி: டிக்கோயாவில் பிறந்தவன்

அன்பர்களுக்கு வணக்கம். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்கணக்கில் (மேற்பிரிவில்), தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் காம்பிரா ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். 1994இல் மத்திய கிழக்குக்குப் போனவன், இந்த வருட முடிவில் வேலையை முடித்துக்கொண்டு மனைவியுடன் நிரந்தரமாக நாடு திரும்புகிறேன். எனக்கு வயது 63. மனைவிக்கு நீரிழிவும் மூட்டு வாதமும் உண்டு. ஓய்வூதியம் எதுவும் கிடையாது. சேர்த்து வைத்த பணம் ஒரு சிறிய வீட்டுக்கும், அளவாகச் செலவழித்தால் மிச்சக் காலத்துக்கும் போதும்.

என் தங்கை இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறாள். அவளுடைய வீட்டுக்குப் பக்கத்தில் இடம் இருப்பதாகவும், தோட்ட நிர்வாகியான துரையிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு இரண்டு அறைகள் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறாள். மனைவிக்கு ஹட்டன் பக்கத்து மழையும் ஈரமும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் பண்டாரவளையை விரும்புகிறாள். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளோ, வைத்தியசாலையை மனத்தில் வைத்துக் கண்டிக்குப் போகச் சொல்கிறார்கள். அப்பாவையும் அம்மாவையும் அடக்கம் செய்த இடம் அந்தத் தோட்டத்தில் இருப்பதால் என் மனம் அங்கேயே போகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பி மலையகத்தில் குடியேறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்

ஐயா, தங்கை அன்பினால் சொல்கிறார் என்பது தெரிகிறது. ஆனாலும் அந்த இடத்தில் உங்கள் வாழ்நாள் சேமிப்பைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளுக்குப் போனது நிர்வாகமும் குத்தகையுமே அன்றி நிலத்தின் உரிமை அன்று. ஆகவே துரை தலையசைத்தாலும் அவர் உங்களுக்குக் காணி உறுதி எழுதித் தர முடியாது. துரை மாறலாம், கம்பனியும் மாறலாம். அப்போது நீங்கள் கட்டிய சுவருக்குப் பதில் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஏழு பேர்ச் காணித் திட்டத்தை நம்பியும் இருக்க வேண்டாம். அது தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கு வீடு கொடுப்பதற்காக வந்தது. லயத்தோடு ஒட்டி அறை கட்டியவர்களின் முறைப்பாடுகளை என் சேவைக் காலத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாமற் போனதை இன்றும் வருத்தத்துடன் நினைக்கிறேன்.

எந்த ஊரானாலும் உறுதிக் காணியாகப் பாருங்கள். நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருட உரிமைத் தொடரைத் தேடிப் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள். அடுத்ததாக மண்ணைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதுதான் அதில் மிகவும் நெஞ்சை அறுப்பது. காணி வாங்கும் முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள்; வீடு கட்ட அனுமதி கோரும்போது எப்படியும் அது தேவைப்படும். அதற்கு முன் நீங்களே ஒரு மழை நாளில் போய், பக்கத்து வீட்டுச் சுவர்களில் புதிய வெடிப்பு உண்டா, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா, சரிவில் இதற்கு முன் இல்லாத ஊற்று கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் இவற்றைச் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டுக் கிழவி சொல்லுவார்.

பதில் 2: பண்டாரவளைவாசி

லண்டனிலிருந்து வந்து பண்டாரவளையில் பத்து வருடங்களாக வாழ்கிறேன். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர், பண்டாரவளை ஏறத்தாழ 1,230 மீற்றர். உயரம் ஒன்றுபோல இருந்தும் காற்றும் மழையும் வேறு. தென்மேற்குப் பருவ மேகம் மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, ஹட்டன் பக்கத்து மலைகளில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி, பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்கு வரும்போது அது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை தனி மணத்தைக் கொடுப்பது அந்தக் காற்றே. ஆகவே உங்கள் மனைவி சொல்வது சரியான பேச்சு. ஆனால் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை எங்களுக்கும் நல்ல மழை உண்டு, மண்சரிவும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வருகிறது. நுவரெலியாவை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் ஜனவரி இரவுகளின் குளிர் மூட்டு வாதத்துக்கு ஆகாது.

வைத்தியத்துக்கு அருகில் தியத்தலாவை ஆதார வைத்தியசாலையும், ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் பதுளைப் பெரிய வைத்தியசாலையும் இருக்கின்றன. மாதக் கிளினிக்குக்கு இவை போதும். நகரத்தில் தமிழ்க் கடைகளும் கோயிலும் உண்டு. ஆயினும் உங்களை எந்தக் கணக்கில் பிறந்த பிள்ளை என்று கேட்டு அடையாளம் காண்பவர் எவரும் இங்கு இருக்கமாட்டார். முதல் இரண்டு வருடங்கள் எனக்கு அது பெரிய வெறுமையாக இருந்தது.

பதில் 3: கண்டிக்கு வந்தவள்

அண்ணா, என் கணவருக்கு இருதய நோய் இருந்ததால் நாங்கள் கனடாவிலிருந்து கண்டிக்கு வந்தோம். கனடியக் குடியுரிமை இருந்தபடியால், வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைத்து, இரட்டைக் குடியுரிமை கைக்கு வரும்வரை காணி எழுதாமல் காத்திருந்தோம். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பது நல்லது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் வந்து, விடிவதற்குள் தேசிய வைத்தியசாலையில் சிகிச்சை தொடங்கிவிட்டது. தோட்டத்தில் இருந்திருந்தால் பிரதான பாதை வரைக்கும் அவரைத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

அதன் பின் அவர் மூன்று வருடம் இருந்தார். அவர் போன பிறகு, இந்த நல்ல வைத்தியசாலைக்குப் பக்கத்தில் நான் தனியாக இருக்கிறேன். என் அக்காமார் எல்லோரும் பொகவந்தலாவையில். நல்லது கெட்டதுக்கு வந்து போவார்கள், ஆனால் ஒரு தேநீர் குடிக்க வரமாட்டார்கள், வரவும் முடியாது. ஆகவே நான் கண்டியையும் சொல்லமாட்டேன், தோட்டத்தையும் சொல்லமாட்டேன். தங்கை பஸ்ஸில் காலையில் வந்து பின்னேரம் திரும்பக்கூடிய தூரத்தில், வாசல் வரை வாகனம் வரும் ஒரு வீட்டைப் பாருங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை 2017இல் 150 கட்டில்களுடன் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டிருக்கிறது. நம் சிறு வயது நிலைமை இப்போது அங்கு இல்லை. படிக்கட்டில்லாத வீடு என்பதை மட்டும் அண்ணியின் முழங்காலுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில் 4: டிக்கோயாவில் பிறந்தவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கண்டியிலிருந்து எழுதிய தங்கச்சியின் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். லயத்தோடு ஒட்டிக் கட்டும் எண்ணத்தை விட்டுவிட்டோம். தங்கையிடம் நேற்றே சொன்னேன், அழுதாள், ஆனால் புரிந்துகொண்டாள். உடனடியாக எதையும் வாங்கப் போவதில்லை. அடுத்த ஜூனிலும் ஜூலையிலும் ஹட்டன் நகரத்தில் கூலிக்கு ஒரு வீடு எடுத்து, மழை உச்சத்தில் மனைவியின் மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஒக்டோபரிலும் நவம்பரிலும் அதேபோலப் பண்டாரவளையில் இருந்து பார்ப்போம். அந்த இரண்டு இடத்திலும் தங்கை எங்களோடு வந்து ஒரு கிழமை தங்குவதாகச் சொல்லியிருக்கிறாள். ஹட்டனில் வாசல் வரை வாகனம் வரக்கூடிய, படியில்லாத கூலி வீடு எவருக்காவது தெரிந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள்.