சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசலாமா?

பள்ளத்தூரான்: கானாடுகாத்தான் பக்கம் நாட்டு ஓடு போட்ட சின்ன வீடு வாங்கப்போகிறவருக்கு நேற்று இங்கே ஒருவர் சொன்ன யோசனை: "பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுங்கள், வேலை முடிந்தது." படித்ததும் வயிறு எரிந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். மேலே சிமென்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாக விழும்.

காரைக்குடி காண்ட்ராக்டர்: சொன்னது நான்தான். சுண்ணாம்பு அரைக்க ஆள் எங்கே? சுண்ணாம்பில் கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு கலப்பது என்று பழம்பெருமை பேசினால் வீடு குடியிருக்க ஆகுமா?

பள்ளத்தூரான்: முட்டையைப் பற்றி நான் பேசவே இல்லை அண்ணே. சிமென்ட் ஈரத்தை அடைக்குமா, அடைக்காதா?

தேவகோட்டை மருமகள்: சுவர் கிடக்கட்டும். பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீடு என்றால் எத்தனை பங்கு? பாகப்பிரிவினைப் பத்திரம் உண்டா? வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் தெரியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தால் பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம பங்கு. விற்பவரின் அத்தைமார் கையெழுத்து இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காரைக்குடி காண்ட்ராக்டர்: தமிழ்நாட்டில் அது 1989-லேயே வந்துவிட்டது அம்மா.

தேவகோட்டை மருமகள்: அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. அரைகுறையாகப் பேசாதீர்கள்.

பள்ளத்தூரான்: ஈரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

முகப்புத் திண்ணை: தரையையாவது விட்டுவைப்பீர்களா? இங்கே தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டுக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைப்பது. பெயர்த்தால் உடைந்துபோகும்.

காரைக்குடி காண்ட்ராக்டர்: பார்த்தீர்களா! உங்கள் ஆத்தங்குடிக் கல்லே சிமென்ட்தான். அப்புறம் சிமென்ட் என்றதும் ஏன் இந்த அலறல்?

பள்ளத்தூரான்: தரை வேறு, சுவர் வேறு. போன மழைக்கு முன்னால் எங்கள் மாமா வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) நீங்கள் பூசிய சிமென்ட் இப்போது கைவைத்தாலே உதிர்கிறது. ஈரம் எங்கே போகும் என்று அன்றைக்கே கேட்டேன்.

காரைக்குடி காண்ட்ராக்டர்: ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றச் சொன்னேன், உங்கள் மாமா கேட்கவில்லை. மேலிருந்து தண்ணீர் இறங்கினால் எந்தப் பூச்சும் நிற்காது. கூலி பாக்கி வேறு.

பள்ளத்தூரான்: ஓடு ஒழுகாத உள் சுவரும்தான் உப்புப் பூத்திருக்கிறது. படம் போடட்டுமா?

தேவகோட்டை மருமகள்: வீடு வாங்குகிறவர் மூலப்பத்திரம் பார்த்தாரா இல்லையா, அதை யாராவது கேளுங்களேன்!

காரைக்குடி காண்ட்ராக்டர்: படம் போடுங்கள். அப்படியே பாக்கிக் கணக்கையும் போடுங்கள்.