தங்க ஆப்பிள் நத்தையா, சீமைக் கருவேலமா: எதை முதலில் ஒழிப்பது?

கதிர்: இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து மனிதர்கள் கொண்டுபோய்ப் பரப்பியவை. பணமும் ஆளும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும் என்றால் என் ஓட்டு நத்தைக்கு. 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குப் போனது. விற்பனை எடுபடவில்லை, வாய்க்காலில் விட்டுவிட்டார்கள். இளநாற்றின் தண்டை ஒரே ராத்திரியில் அறுத்துத் தின்றுவிடும். விடிந்து பார்த்தால் நடவுக்கு நடுவே அங்கங்கே வெறும் தண்ணீர்தான் நிற்கும்.

மலர்விழி: அண்ணா, இதை என்னால் ஏற்க முடியாது. நத்தையால் போவது ஒரு போகம். நாற்றை முற்றவிட்டு நடலாம், தொடக்கத்தில் தண்ணீரை வடித்து வைக்கலாம், அப்புறம் வாத்து விடலாம். கருவேலத்துக்கு அப்படி என்ன வழி இருக்கிறது? வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கிறது. இனிப்பான காயை ஆடுமாடு தின்று, சாணத்தோடு விதையைப் புது இடத்தில் போடுகிறது. கென்யாவின் பரிங்கோ பகுதியில் 1980களில் நட்ட மரம் இன்று மேய்ச்சல் நிலத்தையே அடைத்து நிற்கிறது.

கதிர்: வாத்து சின்ன நத்தையைத்தான் விழுங்கும். தண்ணீரை வடித்தால் களை கிளம்பும். நத்தையோ ஓட்டின் வாயை மூடியால் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். செவுள், நுரையீரல் இரண்டும் அதற்கு உண்டு. முட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? நீர்மட்டத்துக்கு மேலே, செடித் தண்டில் பளிச்சென்ற இளஞ்சிவப்புக் கொத்து. ஒரு கொத்திலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். நஞ்சு இருப்பதால் பெரும்பாலான உயிர்கள் அதைத் தொடுவதில்லை.

செந்தில்: கருவேலம் விறகும் கரியும் தருகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது. நானும் நத்தை பக்கம்தான்.

மலர்விழி: செந்தில், பிழைப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கரிக்கு வெட்டுகிறவர்கள் தூரை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். மறுபடி தழைத்து முன்பைவிட அடர்த்தியாகிறது. தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தோடு எடுத்தால்தான் சாகும். கன்றாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம், நாலு வருஷம் விட்டால் பொக்லைன் வேண்டும். நத்தைக்கு அடுத்த நடவிலும் வேலை தொடங்கலாம். மரத்துக்குத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் செலவு ஏறுகிறது.

கதிர்: நடவே பொய்த்துப்போனவரிடம் அடுத்த நடவு வரை பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது? நெல் வயல் இருக்கும் இடத்தில் நத்தைதான் முதலில். மேய்ச்சல் காட்டைப் பற்றி மட்டும் பேசினால் உங்கள் பக்கம் வருகிறேன்.

மலர்விழி: வயலுக்குத் தண்ணீர் தரும் ஏரிக்குள்ளும் கருவேலம்தானே அண்ணா நிற்கிறது?